டாக்கோ: சனி ஞாயிறு பெற்றோல் செட்டில நிண்டா அது ரெஸ்டா, வேலையா?

கிளாஸ்டூபுதுசு:
எல்லாருக்கும் வணக்கம். கிளாஸ் 2 லொறி லைசன்ஸ் எடுத்து அஞ்சு மாசம் ஆகுது, லண்டனுக்கு வெளியில ஒரு கொம்பனிக்கு 18 தொன் ரிஜிட் லொறி ஓடுறன். திங்கள் தொடக்கம் வெள்ளி, காலமை 6க்கு டாக்கோவில, அதுதான் லொறியில ஓட்டம் ரெஸ்ட் நேரம் பதியிற மெஷினில, என்ர கார்ட்டைப் போட்டா பின்னேரம் 4 மட்டில முடியும். இதுக்கு முதல் எட்டு வருசம் பெற்றோல் செட்டில டில்லில (காசு வாங்கிற மேசை) நிண்டனான், அந்த வேலையை முழுசா விடேல்ல, சனி ஞாயிறு ரெண்டு நாளும் காலமை 6ல இருந்து 2 மட்டும் இப்பவும் செய்யிறன். மோர்கேஜ் இருக்கு, ஊரில அம்மாவுக்கு அனுப்ப வேணும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன கிழமை யார்ட்டில ஒரு பெடியன் சொன்னான், நீ செய்யிறது டாக்கோ பிழை எண்டு. எனக்கு விளங்கேல்ல. டில்லில நிக்கிறதுக்கும் லொறிக்கும் என்ன சம்பந்தம், அது வேற முதலாளி வேற தொழில். திங்கள் விடிய கார்ட்டை போடேக்க மெஷின் கேக்கும், வெள்ளி கார்ட் எடுத்ததில இருந்து இப்ப வரைக்கும் ரெஸ்டா எண்டு, நான் ஓம் எண்டு அமத்திட்டு வாகனத்தை செக் பண்ணப் போயிடுவன். இது பிழையோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

பழையஸ்டியரிங்:
தம்பி, பிழைதான். சுத்தி வளைக்காமல் சொல்லுறன், கோவிக்காதையும்.

மெஷினில நாலு படம் இருக்கு, ஸ்டியரிங், குறுக்கால வைச்ச ரெண்டு சுத்தியல், கோடு போட்ட பெட்டி, கட்டில். கட்டில் எண்டால் உம்மட நேரம் உம்மட கையில இருக்க வேணும், நித்திரை கொள்ளலாம், கோயிலுக்குப் போகலாம், பிள்ளையோட பார்க்குக்குப் போகலாம், ஒருத்தரும் உம்மை வா எண்டு கூப்பிடேலாது. டில்லுக்குப் பின்னால நிக்கேக்க அந்த நேரம் இன்னொருத்தருக்கு வித்த நேரம். சட்டத்தில சுத்தியல் எண்டால் ஸ்டியரிங் பிடிக்காத மற்ற எல்லா வேலையும், அதே முதலாளிக்கோ வேற முதலாளிக்கோ, லொறித் தொழிலோ வேற தொழிலோ, வித்தியாசம் இல்லை. நீர் கட்டிலை அமத்தின ஒவ்வொரு திங்களும் பொய்ப் பதிவுதான் போட்டிருக்கிறீர்.

எம்25சுத்தி:
அண்ணை பயப்பிடுத்தாதேங்கோ. கனபேர் செய்யிறாங்கள். எனக்குத் தெரிய ஊபர் ஓடுறவன், தேக்அவே கடையில நிக்கிறவன், கேற்றரிங் செய்யிறவன் எல்லாரும் கிழமையில லொறி ஓடுறாங்கள். ரோட்டில லொறிகளை மறிச்சுச் சோதிக்கிற அரசாங்க டிவிஎஸ்ஏகாரன் கார்ட்டை டவுன்லோட் பண்ணினா அதில என்ன தெரியும், வெள்ளி 4ல இருந்து திங்கள் 6 மட்டும் கட்டில், 62 மணித்தியாலம், வடிவா இருக்கு எண்டு விட்டிடுவான். பெற்றோல் செட்டுக்கு போய் ஆர் கேக்கப் போறாங்கள்?

டாக்கோஅக்கா:
நான் ஒரு ட்ரான்ஸ்போர்ட் ஒஃபிஸில டாக்கோ ரிப்போர்ட் பாக்கிற வேலை, பதினொரு வருசம். பிடிபடுறதைப் பேந்து கதைப்பம், முதல் கணக்கைப் பாப்பம், ஏனெண்டால் கனபேருக்கு கணக்கே தெரியாது.

கிழமை ரெஸ்ட் முழுசு எண்டால் ஒரே இழுவையில 45 மணித்தியாலம். குறைச்சு எடுக்கலாம், ஆனா 24க்கு கீழ போகேலாது, அடுத்தடுத்த ரெண்டு கிழமையில ஒண்டாவது முழு 45 ஆ இருக்க வேணும். ஒரு கிழமை ரெஸ்ட் முடிஞ்சு ஆறு 24 மணித்தியாலம் போக முதல் அடுத்தது தொடங்க வேணும். இனி தம்பியின்ர வீக்கெண்டைப் பாருங்கோ. வெள்ளி பின்னேரம் 4ல இருந்து சனி காலமை 6 மட்டும் 14 மணித்தியாலம். சனி 2ல இருந்து ஞாயிறு 6 மட்டும் 16. ஞாயிறு 2ல இருந்து திங்கள் 6 மட்டும் 16. ஒண்டு கூட 24ஐத் தொடேல்ல. அப்ப அஞ்சு மாசமா தம்பிக்கு கிழமை ரெஸ்ட் எண்ட ஒண்டே இல்லை. 45 இல்லை, 24 இல்லை, ஒண்டுமே இல்லை. இதைத் தாளில எழுதிப் பாத்தீங்களோ தம்பி? சட்டத்தை விடுங்கோ, உங்கட உடம்பு இருபதுக்கு மேல கிழமையா ஒரு நாள் முழுசா நிக்கேல்ல.

கிளாஸ்டூபுதுசு:
அக்கா நீங்கள் எழுதினதை மனுசியோட இருந்து வாசிச்சனான். அவ ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போய்ட்டா. உண்மையா நான் இப்பிடி எண்ணிப் பாக்கவே இல்லை. ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம்தானே, பின்னேரம் வீட்டதானே நிக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

நைட்ட்ரங்கர்:
எம்25சுத்திக்கு ஒரு விசயம் சொல்ல வேணும், இதை நான் வெளியில கனக்க சொல்லுறதில்லை. நானும் இப்பிடித்தான் செய்தனான். இரவில ஆர்ட்டிக் ட்ரங்கிங், அதாவது ட்ரெய்லர் லொறியில டிப்போவுக்கு டிப்போ சாமான் கொண்டுபோறது, பகலில மச்சான்ர கடையில கொஞ்ச நேரம். 2019 மாசி மாசம், ஏ14, விடிய நாலு மணி இருக்கும், ரோட்டில ஒரு குஞ்சும் இல்லை. எனக்கு நித்திரை வந்தது எண்டு எனக்கே தெரியாது. ஓரத்தில இருக்கிற அந்த வரி வரியான வெள்ளைக் கோட்டில சில்லு ஏறி டர்ர்ர் எண்டு கேக்கத்தான் முழிச்சனான். முழிச்சுப் பாக்கேக்க முன்னால ஹார்ட் ஷோல்டர் இல்லாத இடம், லேபையில (ரோட்டோரம் ஒதுங்கி நிப்பாட்டுற இடம்) ஒரு கார் நிக்குது, உள்ளுக்கு லைட் எரியுது. ஒரு முழம் இருந்திருக்குமோ தெரியேல்ல. அடுத்த லேபையில நிப்பாட்டி இறங்கினா கால் ரெண்டும் நடுங்குது, படியில இருந்து அழுதனான்.

அண்டைக்கு என்ர கார்டைப் பாத்தா எல்லாம் பச்சை. 45 நிமிச பிரேக் இருக்கு, 11 மணித்தியால டெய்லி ரெஸ்ட் இருக்கு, ஒரு பிழை இல்லை. அந்த 11 மணித்தியாலத்தில அஞ்சு மணித்தியாலம் நான் கடையில பெட்டி அடுக்கினது கார்டில இல்லை. அந்தக் காருக்குள்ள ஆர் இருந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. டிவிஎஸ்ஏ பிடிக்குமோ பிடிக்காதோ எண்டு கேக்கிறதை விடுங்கோ தம்பி, அடுத்த நாளே மச்சானுக்கு சொல்லிட்டன் இனி வரமாட்டன் எண்டு.

எம்25சுத்தி:
அண்ணை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் அப்பிடி யோசிக்கேல்ல.

டாக்கோஅக்கா:
நைட்ட்ரங்கர் அண்ணை எழுதினதுக்கு மேல நான் சொல்ல ஒண்டும் இல்லை, ஆனாலும் தண்டனையையும் சொல்லி வைக்கிறன். 2018 மார்ச்சில இருந்து ரோட்டில மறிக்கிற டிவிஎஸ்ஏ ஒஃபிசர் அண்டைய பிழைக்கு மட்டும் இல்லை, போன 28 நாளில உள்ள பிழைகளுக்கும் பைன் அடிக்கலாம். ஒரு மறிப்பில அஞ்சு பைன் வரைக்கும், ஒண்டு 300 பவுண்ட்ஸ் மட்டும் போகும், அப்ப 1500. அது நேரம் கூட ஓடினது, பிரேக் எடுக்காதது மாதிரி பிழைகளுக்கு. வேணுமெண்டு பொய்ப் பதிவு போடுறது வேற, அது கோட்டுக்குப் போற விசயம், ரெண்டு வருசம் மட்டும் உள்ளுக்கு போடலாம். அதோட ட்ராஃபிக் கமிஷனர் (பொலிஸ் இல்லை, லொறி லைசன்ஸ் விசயம் பாக்கிற அதிகாரி) கூப்பிட்டு லொறி லைசன்ஸைத் தனியா நிப்பாட்டலாம். விபத்து எண்டு வந்து ஆள் செத்தா பொலிஸ் கார்ட்டோட நிக்கமாட்டாங்கள், ஃபோன், பே ஸ்லிப், பாங்க் கணக்கு எல்லாம் எடுத்துப் பாப்பாங்கள். ஆபத்தா ஓடி ஆளைக் கொண்டா 2022ல இருந்து இங்கிலாந்தில ஆயுள் தண்டனை வரைக்கும் இருக்கு, முந்தி 14 வருசம்.

நாமக்கல்காரன்:
வணக்கம் அண்ணே, நான் தமிழ்நாடு, ஊருல லாரி ஓட்டிட்டு இருந்தேன், இப்ப ரெண்டு வருஷமா லிதுவேனியா பக்கம் ஒரு கம்பெனியில ஆர்டிக் ஓட்டுறேன், பாதி நாள் ஜெர்மனி, பெல்ஜியம்தான். உங்க பேச்சைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு கேக்கணும்னு தோணிச்சு. எனக்கு மொதல்ல இருந்த கம்பெனியில (பேர் வேணாம்) டிஸ்பாட்சர் ஃபோன் பண்ணி, ஒன்பது மணி நேரம் முடிஞ்சிருச்சா, பரவால்ல, கார்டை உருவிட்டு இன்னும் நாப்பது கிலோமீட்டர் வந்துருன்னு சொல்லுவாங்க. ஒருதடவை வந்துட்டேன். கார்டுல இல்லேன்னா யாருக்கும் தெரியாதுல்லன்னு நெனச்சேன். அப்புறம் மாட்டுமான்னு பயந்துகிட்டே ஒரு மாசம் தூங்கல. அது எப்படி தெரியும்?

பழையஸ்டியரிங்:
தம்பி, கார்ட்டில இல்லாட்டியும் லொறியில இருக்கும். மெஷினுக்குள்ள தனியா மெமரி இருக்கு, கார்ட் இல்லாமல் வாகனம் அசைஞ்சா அது எப்ப அசைஞ்சது எத்தினை கிலோமீட்டர் எத்தினை வேகம் எண்டு எல்லாம் அதில விழும். உங்கட கார்ட் ஒரு இடத்தில முடியுது, அடுத்த நாள் நாப்பது கிலோமீட்டர் தள்ளித் தொடங்குது, அந்த நாப்பது ஆர் ஓடினது? குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். கொம்பனி கார்ட்டை 28 நாளுக்குள்ளயும் வாகன மெமரியை 90 நாளுக்குள்ளயும் டவுன்லோட் பண்ண வேணும், ரெண்டையும் பக்கத்தில வைச்சா ஆள் இல்லாத ஓட்டம் தன்ர பாட்டில சிவப்பில வரும். ஃபோனில சொன்ன டிஸ்பாட்சரின்ர பேர் அந்த ரிப்போர்ட்டில ஒரு இடத்திலயும் வராது, உங்கட பேர்தான் வரும். இனி அவன் அப்பிடிச் சொன்னா மெசேஜில எழுதி அனுப்பச் சொல்லுங்கோ, அனுப்பமாட்டான்.

நான் இந்த நாட்டில 1996ல ஓடத் தொடங்கேக்க மெழுகு பூசின வட்டத் தாள். விடிய நடுவில பேர், திகதி, புறப்படுற ஊர், மீட்டர் நம்பர் எல்லாம் பேனையால எழுதி மெஷினைத் திறந்து உள்ளுக்கு வைச்சு மூட வேணும், ஒரு சின்ன ஊசி மெழுகில கீறிக்கொண்டே போகும், 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுத்து. இரவு எடுத்து வெளிச்சத்தில பிடிச்சா நாள் முழுக்க எப்பிடி ஓடினது எண்டு மலை மலையாத் தெரியும். ஊசியை வளைக்கிறவங்களும் இருந்தவங்கள், ஒரு நாளைக்கு ரெண்டு தாள் ரெண்டு பேரில போடுறவங்களும் இருந்தவங்கள். இந்த நாட்டு ட்ரைவர்மாரே 70களில இதை காபுக்குள்ள (ட்ரைவர் இருக்கிற முன்பெட்டி) இருக்கிற உளவாளி எண்டு சொல்லி எதிர்த்தவங்கள், அரசாங்கமும் போடாமல் இழுத்தது, 1979ல ஐரோப்பிய நீதிமன்றம் போடத்தான் வேணும் எண்டு தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. 2006ல புது வாகனத்துக்கு டிஜிட்டல்.

உளவாளி எண்டுதான் நானும் முதல் நினைச்சனான். ஆனா ஒருக்கா ஒரு மேனேஜர் என்னை இன்னொரு லோட் கொண்டுபோ எண்டு நிண்டு சண்டை பிடிக்கேக்க அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினனான், இஞ்ச பாருங்கோ நேரம் முடிஞ்சுது எண்டு. என்ர வாயை நம்பாத ஆள் அந்தக் கீறலை நம்பினவர். இங்கிலீசு வடிவா வராத எங்களைப் போல ஆக்களுக்கு வேற என்ன சாட்சி இருக்கு?

நாமக்கல்காரன்:
நல்லாப் புரிஞ்சுது அண்ணே. அந்தக் கம்பெனியை விட்டுட்டேன், இப்ப இருக்கிறது பரவால்ல. ஆனா 45 மணி நேர ரெஸ்ட்டை வண்டிக்குள்ளயே எடுக்கச் சொல்றாங்க, அது சரியா?

டாக்கோஅக்கா:
இல்லை தம்பி, சரியில்லை. முழு 45ஐ வாகனத்துக்குள்ள எடுக்கேலாது, குளிக்கக் கிடக்க வசதியுள்ள இடம் வேணும், காசு முதலாளிதான் கட்ட வேணும். பெல்ஜியம் 2014லயே பைன் போடத் தொடங்கினது, 1800 யூரோ, ஜெர்மனி 2017ல, 2020 ஆகஸ்டில இருந்து ஐரோப்பிய சட்டத்திலயே எழுதியாச்சு. குறைச்ச ரெஸ்ட்டை, டெய்லி ரெஸ்ட்டை காபுக்குள்ள எடுக்கலாம், கட்டில் இருந்து வாகனம் நிண்டால். இன்னொண்டு, நாலு கிழமைக்கு ஒருக்காவது கொம்பனி இருக்கிற நாட்டுக்கோ உங்கட வீட்டுக்கோ திரும்பிப் போக அவங்கள் ஒழுங்கு செய்ய வேணும், இது உங்கட உரிமை, கேளுங்கோ.

நாமக்கல்காரன்:
நன்றிக்கா. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா ஜெர்மனி ஆட்டோபான் (ஹைவே) பக்கத்துல நிறுத்தவே இடம் கிடைக்காது, ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து வரைக்கும் லாரி ஓடக்கூடாது வேற. ரூம் போட்டுக் குடுத்தா வண்டியை எங்க விடுறதுன்னு அதையும் அவங்ககிட்டயே கேக்கறேன்.

லாச்சப்பல்வான்:
பரிசில இருந்து எழுதுறன். நான் லொறி இல்லை, 3.5 தொன் வான், ஹொலண்டில மரக்கறி ஏத்தி இஞ்ச கடைகளுக்கு வாடகைக்கு ஓடுறனான். எங்களுக்கு டாக்கோ இல்லைத்தானே எண்டு இருந்தன், இப்ப வரப்போகுது எண்டு ஒருத்தர் சொல்லுறார், இன்னொருத்தர் பொய் எண்டுறார். எது?

டாக்கோஅக்கா:
உண்மை. 2026 ஜூலை 1ல இருந்து 2.5 தொன்னுக்கு மேல 3.5 மட்டும் உள்ள வான், காசுக்கு சாமான் ஏத்தி ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டுக்கு ஓடினா டாக்கோ வேணும், அதுவும் இரண்டாம் தலைமுறை ஸ்மார்ட் எண்ட வகை, எல்லை தாண்டுறதை தானே பதியும். ட்ரெய்லர் பூட்டினா அந்த எடையும் சேரும். கடைக்காரர் தன்ர கடைச் சாமானை தானே ஏத்தி வாறார், ஓடுறது அவற்ற முக்கிய தொழில் இல்லை எண்டால் விலக்கு இருக்கு, ஆனா நீங்கள் வாடகைக்கு ஓடுறபடியால் அதுக்குள்ள வராது. ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் ஓட்டம், கிழமையில ரெண்டு நாள் 10 ஆக்கலாம், கிழமைக்கு 56, ரெண்டு கிழமைக்கு 90, நாலரை மணித்தியாலத்துக்கு 45 நிமிசம் பிரேக், எல்லாம் உங்களுக்கும்.

லாச்சப்பல்வான்:
ஐயோ அக்கா, இரவு 10க்கு வெளிக்கிட்டு ரொட்டர்டாம் போய் ஏத்தி விடிய கடை திறக்க முதல் திரும்பி வாறனான், வந்து இறக்கிப் போட்டு பகலிலயும் உள்ளூர் டெலிவரி. கடைக்காரர் கூலி கூட்டித் தருவினமோ?

பழையஸ்டியரிங்:
கேக்க வேணும் தம்பி. ஒராள் கேட்டா இன்னொரு வானைப் பிடிப்பினம், எல்லா வான்காரரும் ஒண்டா இருந்து கேட்டா தருவினம். மிளகாய் ஒரு கிலோவில பத்து சதம் கூடினா ஒருத்தரும் சாகமாட்டினம்.

பிரேக் கதை வந்தபடியால் ஒண்டு சொல்லுறன், புதாக்கள் எல்லாரும் விடுற பிழை. 45ஐப் பிரிக்கலாம், ஆனா 15 முதல், 30 பிறகு. 30 எடுத்துப் போட்டு பிறகு 15 எடுத்தா செல்லாது, அந்த முதல் 30ஐ மெஷின் 15 எண்டுதான் எண்ணும். மற்றது, வாகனம் நிண்ட உடன மெஷின் தானா சுத்தியலுக்குப் போகும், கட்டிலை நீங்கள்தான் அமத்த வேணும். மறந்துபோய் 45 நிமிசம் சாண்ட்விச் சாப்பிட்டு இருந்தா அது முழுக்க வேலை. பிறகு மாத்தேலாது, பிரிண்ட் எடுத்து பின்னால என்ன நடந்தது எண்டு கையால எழுதி கையெழுத்துப் போட்டு வைக்க வேணும்.

நைட்ட்ரங்கர்:
இதோட வெயார்ஹவுசில நடக்கிறதையும் சொல்லுங்கோ அண்ணை. பிரேக் தொடங்கி 35 நிமிசம் ஆகேக்க வந்து கதவில தட்டுவாங்கள், பே 14க்கு (சாமான் ஏத்தி இறக்கிற வாசல்) எடு எண்டு. இருபது மீட்டர்தான், ஆனா அசைச்சா பிரேக் அறுந்துது, அந்த 35ஐயும் 15 எண்டுதான் எண்ணும், திரும்ப முழுசா 30 எடுக்க வேணும். பத்து நிமிசம் பொறு எண்டு சொல்லப் பழகுங்கோ.

கிளாஸ்டூபுதுசு:
நான் கேட்ட கேள்வியில இவ்வளவு கதை வந்தது எனக்கு நல்லதாப் போச்சு. அக்கா, ரெண்டு வேலையும் சட்டப்படி செய்ய வழி இருக்கோ? இல்லாட்டி ஒண்டை விடத்தான் வேணுமோ? காசு இல்லாமல் ஏலாது அக்கா, அதுதான் கேக்கிறன்.

டாக்கோஅக்கா:
இருக்கு தம்பி, ஆனா பழைய அளவுக்கு இல்லை. ரெண்டு வழி சொல்லுறன்.

ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை சனி மட்டும் 6 தொடக்கம் 2. அப்ப சனி 2ல இருந்து திங்கள் 6 மட்டும் 40 மணித்தியாலம், குறைச்ச ரெஸ்ட், 5 மணித்தியாலம் கடன். அந்தக் கடனை மூண்டாவது கிழமை முடிய முதல் ஒரே துண்டா, குறைஞ்சது 9 மணித்தியால ரெஸ்ட் ஒண்டோட ஒட்டிக் குடுக்க வேணும். அடுத்த வீக்கெண்ட் நீங்கள் வேலை செய்யாமல் வீட்ட நிண்டா 62 மணித்தியாலம் இருக்கு, 45ம் 5ம் 50, அதுக்குள்ள அடங்கும்.

மற்ற வழி, வெள்ளி பின்னேரம். நீங்கள் வெள்ளி 6க்குத் தொடங்கினா இரவு 9க்குள்ள எல்லா வேலையும் முடிஞ்சா அந்த 24 மணித்தியாலத்தில ரெஸ்டுக்கு மிச்சம் 9 மணித்தியாலம் இருக்கு, இரவு 9ல இருந்து திங்கள் 6 மட்டும் 57 மணித்தியாலம் ஒரே இழுவை ரெஸ்ட். ஒவ்வொரு கிழமையும் செய்யலாம், கடன் இல்லை. பெற்றோல் செட்டில 5 தொடக்கம் 9, நாலு மணித்தியாலம்.

எந்த வழியோ, திங்கள் கார்ட் போடேக்க மெனுவல் என்ட்ரியில (நீங்களே கையால நேரம் அடிக்கிறது) அந்த மணித்தியாலத்துக்கு சுத்தியலைப் போடுங்கோ. கொம்பனிக்கும் எழுத்தில சொல்லுங்கோ, அவையும் வேற வேலை இருக்கோ எண்டு உங்களிட்ட கேட்டிருக்க வேணும், கேக்காதது அவையின்ர பிழை. போன அஞ்சு மாசத்தை அழிக்கேலாது, திருத்தவும் வெளிக்கிடாதேங்கோ, ட்ரான்ஸ்போர்ட் மேனேஜரிட்ட நேர போய் எனக்குத் தெரியாமல் இப்பிடி நடந்தது எண்டு சொல்லுங்கோ. போக முதல் யூனியனில சேர்ந்திருந்தா அவையோடயும் கதையுங்கோ.

பழையஸ்டியரிங்:
அக்கா சொன்ன வெள்ளி வழி சட்டத்துக்கு சரி, ஆனா விடிய 6ல இருந்து இரவு 9 மட்டும் 15 மணித்தியாலம், களைப்பைப் பாத்து செய்யும் தம்பி. அண்டைக்கு பிறகு கார் ஓடித்தான் வீட்ட போகவேணும் எண்டதையும் யோசியும்.

கிளாஸ்டூபுதுசு:
ரெண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். மேனேஜரிட்ட சொன்னனான், சரியான பயத்தோட போனனான், முகம் இறுகிப் போச்சு, கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு ஒரு ஃபோர்ம் தந்தார், ஒவ்வொரு கிழமையும் மற்ற வேலை நேரத்தை அதில எழுதித் தர வேணும். பழைய பதிவை எல்லாம் எடுத்துப் பாக்கிறம், எழுத்தில ஒரு வார்னிங் வரும் எண்டவர். பெற்றோல் செட் முதலாளி நல்ல மனுசன், வெள்ளி 5 தொடக்கம் 9 தந்திட்டார், வீட்டுக்கும் செட்டுக்கும் நடை தூரம்தான் அண்ணை, கார் தேவையில்லை. காசு குறையுதுதான். போன சனி பத்து மணி மட்டும் நித்திரை கொண்டனான், சின்னவள் வந்து மூக்கைப் பிடிச்சுத்தான் எழுப்பினவள்.

ஒரு சந்தேகம். திங்கள் விடிய 5.50க்கு லொறிக்குள்ள லைட்டைப் போட்டு ஒவ்வொண்டா அடிச்சனான், வெள்ளி 4ல இருந்து 5 கட்டில், 5ல இருந்து 9 சுத்தியல், பிறகு கட்டில். பிரிண்ட் எடுத்துப் பாத்தா சுத்தியல் 16:00ல இருந்து 20:00 எண்டு கிடக்கு. ஒரு மணித்தியாலம் முந்திக் காட்டுது, பிழையா அடிச்சிட்டனோ?

பழையஸ்டியரிங்:
பிழை இல்லை. பிரிண்டில எப்பவும் யுடிசி நேரம்தான் (உலகப் பொது நேரம்) வரும், இப்ப சமர் டைம், நாங்கள் ஒரு மணித்தியாலம் முன்னால நிக்கிறம். மாரியில ரெண்டும் ஒண்டா வரும். அடிக்கேக்க உம்மட மெஷின் உள்ளூர் நேரம் கேக்குதோ யுடிசி கேக்குதோ எண்டு ஸ்கிரீனில பாத்து அடியும், மொடலுக்கு மொடல் மாறும்.

டாக்கோஅக்கா:
அந்த பிரிண்டை டாஷ்போர்டில வெயிலில விடாதேங்கோ தம்பி, சூட்டுக்கு எழுத்து போயிடும். ஒரு கவருக்குள்ள போட்டு வைச்சுக்கொள்ளுங்கோ.